சந்தையில் செல்லாத கூப்பனும் அறை 14இன் ஆறு முயல்களும்

அனுப்புநர்:
கொறற்றி சோதிலிங்கம்,
அறை இல. 14, அகதிகள் விடுதி,
நொய்மூல்பாக், கார்ல்ஸ்ரூஹேக்கு அண்மை.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
சமூக உதவி அலுவலகம்,
நகரமண்டபம், நொய்மூல்பாக்.

விடயம்: உணவுக் கூப்பனைச் சனிக்கிழமைச் சந்தையிலும் ஏற்கச் செய்தல், இல்லாத முயல்களுக்காக நிறுத்தப்பட்ட யூன் மாதக் கூப்பனை வழங்குதல்.

மதிப்புக்குரிய ஐயா,

இம்மனுவை ஜேர்மன் மொழியில் ஆக்கித் தருபவர் மொழிபெயர்ப்பாளர் திரு. நித்தியானந்தன். மிகவும் பயந்த மனிதர். தங்கள் கைக்கு வரும்போது இதில் காரம் குறைந்திருந்தால் அது என் பிழையன்று.

1. ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் பதினொரு வருடம் கூப்பன் வெட்டியவள் நான். எங்கள் அரிசியில் கல் கிடந்தது உண்மை. ஆனால் கூப்பனோடு வந்த எவரையும் வரிசையில் மறித்து, மனேச்சரைக் கூப்பிட்டு, ஊருக்கே காட்டியதில்லை. தாங்கள் தரும் கூப்பனோ புகையிரத நிலையத்தடிப் பேரங்காடி ஒன்றில் மாத்திரம் செல்லும். மிச்சக்காசு கிடையாது. மிளகாய்த்தூள் சொகுசுப் பொருளாம். தகரத்தில் அடைத்த பட்டாணி அத்தியாவசியமாம். இந்த ஞானத்தைத் தங்கள் அலுவலகம் எங்கே படித்ததென்று அறிய ஆவல்.

2. தங்கள் யன்னலுக்கு நேர் கீழே சனிதோறும் சந்தை கூடுகிறது. அன்று பிடுங்கிய மரக்கறி, மத்தியானம் கடை கட்டும் நேரத்தில் பாதி விலைக்குப் போகும். எங்கள் கூப்பன் அங்கே வெறுங் கடதாசி. தோட்டக்காரி ஹில்டா அம்மையார் ஏப்ரலில் ஒருமுறை இரக்கப்பட்டு அதை வாங்கினார். பணமாக மாற்ற வந்தவரைத் தங்கள் அலுவலகம் வெறுங்கையோடு அனுப்பிவிட்டது.

3. எங்கள் அறையில் ஆறு பெண்கள் இருக்கிறோம். ஒருத்தி சிவமலர், ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. இரத்தம் குறைவு, பச்சை இலைக்கறி சாப்பிடவும் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டைப் பேரங்காடியில் நீட்டினோம். பட்டாணித் தகரத்தில் ஒட்டியிருந்த பச்சைப் படத்தைக் காட்டினார்கள்.

4. ஹில்டா அம்மையார் முள்ளங்கி விற்கும்போது இலையை முறித்துப் பெட்டியில் எறிவார். தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுக்க அதைவிட வேறென்ன வேண்டும்? மே 7ஆந் திகதி அதைக் கேட்டேன். சந்தோசமாக அள்ளித் தந்தவர், முயல் வளர்க்கிறீர்களா என்று விசாரித்தார். கூட நின்ற புஷ்பராணி என் கோட்டைப் பிடித்து இழுத்து, "அக்கா, எங்களுக்குத்தான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ, வெக்கக்கேடு" என்றாள். எறிகிற இலையைத் தின்கிறோம் என்று சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை. ஓம் என்று தலையாட்டினேன். எத்தனை என்றார். ஆறு என்றேன்.

5. அடுத்த சனி ஆறு கட்டு தயாராக இருந்தது. ஒன்று சினை என்றும் நான் சொல்லிவைத்தேன். பாவம், அதற்கென்று இன்னொரு கட்டும் தந்தார். கிழங்கு வாங்க வந்த தங்கள் உத்தியோகத்தர் ஒருவரின் காதில் இது விழுந்திருக்கிறது. மே 18ஆந் திகதி இருவர் வந்து கட்டில்களின் கீழ் குனிந்து பார்த்தார்கள். பிறக்கப் போகும் பிள்ளைக்குச் சிவமலர் சேர்த்த துணிகளையும் கிளறினார்கள். முயல் அகப்படவில்லை. ஆகவே விடுதிக்குள் அறுத்துத் தின்றுவிட்டோம் என்று முடிவுகட்டி, விளக்கம் தரும்வரை கூப்பன் நிறுத்தம் எனக் கடிதம் வந்தது. அட கடவுளே, என்ன மூளை ஐயா!

6. பொய் சொன்னவள் நான். அதற்கு வெட்கப்படுகிறேன். சென்ற சனிக்கிழமை ஹில்டா அம்மையாரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அழுதார். பின்பு தங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அதை எழுத நித்தியானந்தன் விடுகிறாரில்லை.

ஆகவே யூன் மாதக் கூப்பனை உடன் வழங்குமாறும், கூப்பன் சந்தையிலும் செல்லும் என உத்தரவிட்டுத் தோட்டக்காரருக்குரிய பணத்தைத் தாமதியாது கொடுக்குமாறும் வேண்டுகிறேன். நாளை மறுநாள் முதலாந் திகதி. பிள்ளைத்தாய்ச்சிக்கு என்ன சமைப்பதென்று தெரியாமல் இருந்துகொண்டு இவ்வளவு பணிவாக எழுதுவது இலேசான காரியமில்லை.

விளக்கம் கேட்டிருந்தீர்கள். முயல்களை எவரும் அறுக்கவில்லை. இலை தின்ற ஆறும் உயிரோடு இருந்து கீழே கையொப்பமிட்டுள்ளன. ஏழாவது ஓகஸ்டில் பிறக்கும், அதற்கும் பசிக்கும்.

நொய்மூல்பாக்,
30.05.1988

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

கொறற்றி சோதிலிங்கம்
புஷ்பராணி சிற்றம்பலம்
யோசப்பின்
பவளம்
அம்பிகா
சிவமலர் கணேசலிங்கம் (அந்த ஏழாவது கட்டு இவருக்கு)