தொண்ணூறு நாள்

பிப்ரவரி 24, ஞாயிறு. எல் துன்கோ, சால்வடோர்

காலையிலிருந்து காற்றே இல்லை. ரோரி அலைப்பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டான். நான் விடுதிச் சமையலறையில் அடுப்புக்காக வரிசையில் நின்றேன்.

எங்கள் இருவருக்கும் துறை பிரித்து ஐந்து மாதம் ஆகிறது. சாப்பாடு, தங்குமிடம், மருந்து, துணி என்னுடையது. பாஸ்போர்ட், விசா, எல்லை, பேருந்து அவனுடையது. ஒருவர் துறையில் மற்றவர் மூக்கை நுழைக்கக் கூடாது. மெக்சிகோவில் நடுத்தெருவில் போட்ட சண்டைக்குப் பிறகு வந்த ஒப்பந்தம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு சுற்றும் ஜோடிகள் எல்லோரிடமும் இப்படி ஏதோ ஒன்று இருக்கிறது. இல்லாதவர்கள் பாதியிலேயே வீடு திரும்பிவிடுகிறார்கள்.

முட்டை பொரிக்கும்போது உட்டே என்ற ஜெர்மன்காரி சொன்னாள்: "குவாத்தமாலா, சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, நாலும் சேர்த்துத்தான் தொண்ணூறு நாள். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியா கிடையாது. தெரியும்ல?"

தெரியாது. விரல் விட்டு எண்ணினேன். அப்பாவின் முழங்கால் ஆபரேஷனுக்காக நான் ஜனவரியில் இரண்டு வாரம் கனடாவுக்கு, ஹாமில்டன் போய் வந்ததால் எனக்குப் புதுக்கணக்கு. ரோரி குவாத்தமாலாவிலேயே இருந்துவிட்டான். டிசம்பர் 3-இல் குவாத்தமாலாவுக்குள் வந்தோம். அப்படியானால் அவனுக்கு மார்ச் 2-ஆம் தேதியோடு முடிகிறது. நாங்கள் கிளம்புவது 8-ஆம் தேதி!

மாலையில் ஆரம்பித்தேன். "ரோரி, அந்தத் தொண்ணூறு நாள்..."

"அது யாரோட துறை?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

"உன்னோடது."

"அப்ப விடு. இந்த நாட்டுக்குள்ள ஜனவரி முப்பதுதான் வந்தேன். இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கு."

விட்டுவிட்டேன். உட்டே தப்பாகச் சொல்லியிருக்கலாம் இல்லையா?

பிப்ரவரி 27, புதன்

டெஸ்ஸாவோடு ரோரி போனில் பேசினான். மகளோடு பேசும்போது மட்டும் அவன் குரல் வேறு ஆள் குரல் மாதிரி இருக்கிறது. அவளுக்கு ஒன்பது வயது. அவள் அம்மா டெனீஸ் இரண்டு வருடமாக அவளை அனுப்ப மாட்டேன் என்றிருந்தாள். ரோரி கெஞ்சிக் கூத்தாடி இந்த மார்ச் விடுமுறைக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறான். பத்தாம் தேதி கோஸ்டாரிகாவில், சான் ஹோசேயில் இறங்குகிறாள், தனியாக. விமான நிறுவனத்தின் படிவத்தில் பெயர் இருப்பவர் பாஸ்போர்ட்டோடு போய் நின்றால்தான் பிள்ளையைக் கையில் கொடுப்பார்கள். யாரும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

"என் பேரையும் போடச் சொல்லேன்," என்றேன்.

"உன் பேரைக் கேட்டாலே டெனீஸுக்கு ஏறும். என் பேர் மட்டும் போதும். இந்தத் தடவை சொதப்பினா இனிமே பிள்ளைய கண்ணுலயே காட்ட மாட்டேன்னு சொல்லிட்டா."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பயந்தாங்கொள்ளி நான்.

மார்ச் 2, சனி

இன்று தொண்ணூறாவது நாள். நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 8, வெள்ளி. லியோன், நிகராகுவா

வந்து சேர்ந்துவிட்டேன். தனியாக.

இருட்டோடு கிளம்பினோம். வேனில் பன்னிரண்டு பேர், எல்லோர் மடியிலும் பை. ஓட்டுநர் செலஸ்தினோ நல்ல மனிதர், வழியெல்லாம் பாட்டு. ஒரே நாளில் இரண்டு எல்லை, பன்னிரண்டு மணி நேரம். ரோரி என் தோளில் சாய்ந்து தூங்கினான். நான் தூங்கவில்லை.

ஹோண்டுராஸுக்குப் போகும் பாலத்துக்கு முன்னால் எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். என் பாஸ்போர்ட் ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. ரோரியுடையதை அந்த அதிகாரி மூன்று முறை புரட்டினார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். 96.

"அது குவாத்தமாலா கணக்கு சார். இங்க நான் ஜனவரி முப்பதுதான் வந்தேன்."

"நாலும் ஒண்ணுதான் தம்பி. தலைநகரத்துக்குப் போய் அபராதம் கட்டி, காகிதம் வாங்கிட்டு வாங்க. இனி திங்கக்கிழமைதான் தொறப்பாங்க." அவர் கோபப்படக்கூட இல்லை. சாப்பிட்டீர்களா என்று வேறு கேட்டார். கோபப்பட்டிருந்தால் நாங்களும் கத்தியிருப்போம்.

ரோரி என் பக்கம் திரும்பினான். "இப்படின்னு யாருமே சொல்லலையே மௌரா!"

நான் தரையைப் பார்த்தேன்.

செலஸ்தினோ வந்துவிட்டார். "பொண்ணே, பத்துப் பேரு வெயில்ல வேகுறாங்க. இருக்கிறதுன்னா இரு, ஏறுறதுன்னா ஏறு. எதுவானாலும் இப்பவே சொல்லு."

"நீ போ," என்றான் ரோரி. "ஞாயித்துக்கிழமை நீயாவது அங்க நில்லு. டெனீஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்." அவன் என்னிடம் கெஞ்சினான். ஏழு வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

அவனுக்கு நான் கொடுத்துவிட்டு வந்தது நான்கு புபூசா ரொட்டியும் வயிற்றுப்போக்கு மாத்திரையும். என் துறை! வேன் நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். அவன் அந்தத் துண்டுச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஹோண்டுராஸ். வெயிலைத் தவிர ஒன்றும் நினைவில் இல்லை. நிகராகுவா எல்லையில் "தனியாவா வர்றீங்க?" என்று கேட்டார்கள். பின்னால் நின்ற பையன் எனக்காக "ஆமாம்" என்றான்.

மார்ச் 9, சனி. சான் ஹோசே

தான் அழைத்தும் டெனீஸ் எடுக்கவே இல்லை என்று ரோரி செய்தி அனுப்பியிருந்தான். பேருந்து ஏறுமுன் நானே அழைத்தேன். தெரியாத எண் என்பதால் எடுத்துவிட்டாள்.

எல்லையில் நடந்ததைச் சொன்னேன்.

"உங்க பேரைப் போட்டு என் பிள்ளைய அனுப்பணும். அதுதானே?"

"ஆமாங்க."

"உங்களை நான் ரெண்டு தடவை பார்த்திருக்கேன். எந்த நம்பிக்கைல அனுப்ப?"

நம்பிக்கை வைக்கிற மாதிரி நான் என்ன செய்திருக்கிறேன்? "இது என் தப்பும்தான் டெனீஸ்," என்றேன். "நாள் முடியப்போகுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். சொன்னா கத்துவான்னு சும்மா இருந்துட்டேன்."

டெனீஸ் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "நான் எட்டு வருஷம் சும்மா இருந்தேன்." போனை வைத்துவிட்டாள். அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பிறகு நாள் முழுக்கப் பேருந்து. சிக்னல் கிடையாது. கோஸ்டாரிகா எல்லையில் என் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். ரோரியின் ஒற்றைக் காலுறை ஒன்றும் வந்தது. அழுதுவிட்டேன். அந்த அதிகாரி பாவம், அவசர அவசரமாக மடித்து உள்ளே வைத்தார்.

மார்ச் 10, ஞாயிறு

விமானம் வந்து ஒரு மணி நேரமாகியும் டெஸ்ஸாவைக் காணோம். பலூன் பிடித்துக்கொண்டு நின்ற குடும்பமெல்லாம் போய்விட்டது. தரை துடைக்கிறவர் என்னைச் சுற்றித் துடைத்தார். வரவில்லை, அனுப்பவில்லை, இனி ரோரியிடம் என்ன சொல்ல...

கடைசியாக ஒரு பணிப்பெண்ணோடு வந்தாள். படிவத்தில் என் பெயர், டெனீஸின் குண்டு குண்டான கையெழுத்தில்.

டெஸ்ஸா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அப்பா எங்க?"

"எல்லையில மாட்டிக்கிட்டாரு கண்ணு. ரெண்டு மூணு நாள்ல வந்துடுவாரு."

"ஓ." அவ்வளவுதான். அறைக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். தட்டவும் தைரியம் இல்லை, எழுந்து போகவும் மனம் இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

காகிதம் இன்னும் கிடைக்கவில்லையாம். டெஸ்ஸா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மார்ச் 14, வியாழன்

மதியம் ரோரி வந்தான், தாடியும் அழுக்குமாக. டெஸ்ஸா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

சாப்பிடும்போது ஆரம்பித்தான். "என்ன பண்றது டெஸ்? அந்த எல்லைக்காரங்க திடீர்னு புதுச் சட்டம் போட்டு அப்பாவ புடிச்சு வெச்சுட்டாங்க. மௌராவைக் கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். "அப்படியா மௌரா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"இல்ல," என்றேன். "சட்டம் முன்னாடியே இருந்துச்சு. அப்பா நாளைத் தப்பா எண்ணிட்டாரு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் சொல்லல."

ரோரி கரண்டியை வைத்தான். "தெரியுமா? எப்பலேர்ந்து?"

"உட்டே சொன்ன அன்னிலேர்ந்து."

"என் பிள்ளை முன்னாடி என்னை அசிங்கப்படுத்தணும்னு இத்தனை நாள் வெச்சிருந்தியா?" கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். அது இன்னும் மோசமாக இருந்தது.

டெஸ்ஸா சோற்றிலிருந்த மொச்சையை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 17, ஞாயிறு. விமானத்தில்

பயணத்தைத் தொடரப் பனாமா போகும் பேருந்து ரோரிக்குக் காலையிலேயே. டெஸ்ஸாவை வெகுநேரம் அணைத்துக்கொண்டிருந்தான். என்னிடம் "பத்திரமா கொண்டுபோய் விடு," என்றான். நான் அவள் விமானத்திலேயே இடம் வாங்கிவிட்டேன். தனியாக வந்த பிள்ளை தனியாகப் போக வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன். அது மட்டும்தான் காரணம் என்று அவனும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

சுங்கப் படிவம் கொடுத்தார்கள். தானே எழுதுவேன் என்று டெஸ்ஸா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். கனடாவை விட்டு எத்தனை நாள் என்ற இடத்தில் ஆறு என்று எழுதினாள்.

"ஏழு," என்றேன்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அடித்துவிட்டு ஏழு என்று எழுதினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, மேகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.