ஐஸ் வைத்தால் சரியாகும்

அக்கா,

இன்று காலை ஒரு நோயாளியைப் பார்க்க மயிலிட்டிக்குப் போனேன். அம்மன் கோயில் வெளிவீதியில் பவுசர் லொறியால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாளை மறுநாள் தேர். சுட்ட மணலில் தண்ணீர் விழுந்து கிளம்பிய வாசம் மூக்கில் ஏறியதும் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். உங்கள்மேல் கோபம்தான் வந்தது. செத்துப்போனவரோடு எப்படிக் கோபித்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, ஆனாலும் வருகிறது.

நான் பிசியோவாக இருக்கும் கிளினிக்குக்கு நீங்கள் முதன்முதலில் வந்தது கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அந்தப் பெயர் உங்கள் வாயில் நிற்கவேயில்லை. "பேரை விடு பிள்ளை. கால் எப்ப வரும், அதைச் சொல்லு" என்றீர்கள். எனக்கு என்ன தெரியும்? நானும் அந்த நரம்பு வருத்தத்தைப் புத்தகத்தில் பார்த்தவள்தான். இங்கே அது அரிது, கேட்டுப் படிக்க ஆளில்லை. அதனால்தான் அந்தப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தேன். பல நாடுகளிலிருந்து என்னைப்போன்ற இளம் சிகிச்சையாளர்களை அழைத்து, இந்த வருத்தத்துக்கென்றே இருக்கும் ஒரு மருத்துவமனையில் சில மாதம் பழக்கி, ஊருக்குத் திருப்பி அனுப்புகிற திட்டம் அது.

தெரிவாகியும் முதல்முறை விசா தரவில்லை. நான் திரும்பி வருவேன் என்று அவர்கள் நம்பவில்லை. உங்கள் காலை மடக்கி நீட்டிக்கொண்டே மூக்கை உறிஞ்சினேன். நீங்கள் சிரித்தீர்கள். "எங்கடை சனம் போனா வாறேல்லை எண்டு அவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு!"

அடுத்த முறை கிடைத்தது. சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டீர்கள், பிறகு மெதுவாக விஷயத்தை அவிழ்த்தீர்கள். "உனக்கு விசா கிடைச்சா தேருக்குப் பின்னாலை அடியழிக்கிறன் எண்டு நேர்த்தி வைச்சனான்."

அடிக்கு ஒரு தரம் மணலில் விழுந்து கும்பிட்டு எழுந்து, தேரின் பின்னால் வீதி முழுக்கச் சுற்றி வருவது. ஆரோக்கியமான பெண்களே களைத்துப்போவார்கள். உங்கள் வருத்தத்துக்கோ சூடு ஆகாது. உடம்பு சூடேறினால் கண் மங்கும், கால் துவளும். அதை உங்களுக்குச் சொல்லித்தந்ததே நான்.

"அக்கா, உங்களுக்கென்ன விசரே? ஆரைக் கேட்டு வைச்சனீங்கள்?"

"அம்மாளைக் கேட்டு. உனக்காகவெண்டு பெரிசா நினையாதை. நீ படிச்சுக்கொண்டு வந்தாத்தானே என்ரை காலுக்கு ஒரு வழி."

விடியப்புறம் வெயிலுக்கு முன்னே செய்யுங்கள் என்று கெஞ்சினேன். "தேர் வெளிக்கிடாமல் நான் ஆருக்குப் பின்னாலை போறது?" என்று என் வாயை அடைத்தீர்கள். கடைசியில் உங்கள் கணவர்தான் வழி கண்டார். கடலுக்குப் போகிறவர் அல்லவா? மீனுக்குப் போடுகிற ஐஸைத் துறைமுகத்திலிருந்து ஒரு ரெஜிபோம் மீன்பெட்டி நிறைய அள்ளிவந்தார். அந்தத் தண்ணீரில் துவாயை நனைத்து உங்கள் கழுத்திலும் கையிலும் போட்டபடி நான் கூடவே நடந்தேன். மீன் வாடை அடிக்கிறதென்று பின்னால் வந்த பெண்கள் முகம் சுளித்தார்கள்.

வடக்கு வீதியில் விழுந்த நீங்கள் எழும்பவில்லை. "கண் தெரியேல்லைப் பிள்ளை." நானும் உங்கள் கணவரும் தண்ணீர்ப்பந்தலுக்குத் தூக்கிப்போனோம். "பயப்பிடாதைங்கோ அக்கா. ஐஸ் வைச்சாச் சரியாகும்" என்றேன். சரியாகிவிட்டது. மத்தியானம் வீட்டில் நீங்களே எழுந்துபோய்த் தேத்தண்ணீர் ஊற்றினீர்கள். "மிச்ச வீதியை அம்மாள் மன்னிப்பா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெட்டியைப் பார்த்தீர்கள். "இதைப் படிக்கவோ நீ வெளிநாடு போறாய்? எங்கடை துறைமுகத்திலையே கிடக்கு!"

அன்று பந்தலில் இன்னொன்றும் சொன்னேன். காய்ச்சல் வந்தாலும் கால் துவளும், அதற்கு ஐஸ் போதாது, உடனே ஆசுபத்திரிக்குப் போகவேண்டும். சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த நேரம் தேர் இருப்பிடம் திரும்பியது. மேளம், அரோகரா, உங்கள் முகம் முழுக்க அந்தப் பக்கம். காதில் விழுந்ததா, அக்கா?

சில கிழமையில் நான் பறந்தேன். அந்த மருத்துவமனையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி நிறைய, ஐஸ் வைக்கப் பைகள் தைத்த சட்டைகள் இருந்தன. நான் சிரித்துவிட்டேன். காரணம் கேட்டார்கள். உங்கள் கதையைச் சொன்னேன். எங்களைப் பழக்கிய பேராசிரியை அதை எல்லோர் முன்னும் பேசவைத்தார். மீன்பெட்டி ஐஸ் என்றதும் கை தட்டினார்கள். அன்று எனக்கு நல்ல பெயர்.

அதே நாட்களில்தான் நீங்கள் சிறுநீர்க் கிருமி ஏறிக் காய்ச்சலில் கிடந்திருக்கிறீர்கள், கழுத்தில் ஈரத்துவாயோடு. உங்கள் கணவர் தொலைபேசியில் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. "கால் விழுந்துபோச்செண்டு ஐஸ் வைச்சவ, தங்கச்சி. ஆசுபத்திரிக்குப் போவம் எண்டன். கேக்கேல்லை. பிள்ளை சொன்னது, ஐஸ் வைச்சாச் சரியாகும் எண்டு, அதையே சொன்னவ." அவர் குரலில் என்மேல் குற்றம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நேர்த்தி உங்களைக் கொண்டுபோகவில்லை. வெயிலில் வந்த சோர்வு உடம்பு குளிர்ந்ததும் போய்விடும் என்று அங்கேயும் படித்தேன். அந்தப் படிப்பு எனக்கு விடுதலை தரவில்லை. விசா கொடுக்கிறவர் நம்பவில்லை, கிளினிக்குக்கு வருகிற பாதிப்பேர் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு நாட்டுவைத்தியரிடம் போகிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் என்னை அப்படி நம்பினீர்கள்? அதுதான் கோபம்.

நான் திரும்பி வந்துவிட்டேன். இந்த வருடம் அதே புலமைப்பரிசிலில் எங்கள் கிளினிக்கின் இளைய பிசியோ போகிறாள். அங்கே என்ன படிக்கலாம் என்று என்னைக் கேட்கிறாள். நான் அவளோடு உடுப்புப் பற்றியும் குளிர் பற்றியும் கதைத்துவிட்டு எழுந்துபோகிறேன்.

இன்று மயிலிட்டியில் பார்த்தது உங்களுக்கு வந்த அதே வருத்தமுள்ள ஓர் இளைஞனை. படகு ஓட்டியவன், இப்போது சக்கரக் கதிரையில். அவன் தாய் என்னைக் கேட்டார், "வெக்கைக்கு ஐஸ் வைச்சா நல்லதோ மிஸ்?"

ஓம் என்பதுதான் சரியான பதில். நான் சொல்லவில்லை. "வீட்டிலை காய்ச்சல் பாக்கிற தேமாமீற்றர் இருக்கோ அம்மா?" என்றேன். இல்லை என்றார். பையிலிருந்த என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன். பார்க்கப் பழக்கினேன். காய்ச்சல் என்றால் ஐஸோடு காத்திருக்காமல் எங்கே போகவேண்டும் என்று அவர் வாயால் சொல்லவைத்தேன், பிறகு மகன் வாயால். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல இருவரும் ஒப்புவித்தார்கள்.

அதன் பிறகுதான் ஓம் சொன்னேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல இப்போது எனக்கு அவ்வளவு நேரம் பிடிக்கிறது, அக்கா.