நன்றிக்குப் பிறகு நீங்கள் சொன்னது

மதினி,

கடைக்கார நானா எனக்குக் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தபோது உங்கள் குரல் கேட்டது. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சம்பளம் போட்ட பிறகு நாம் இரண்டு பேரும் போவோமே, அதே கடைதான். அங்கே ரேடியோ எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கும், யாரும் காது கொடுப்பதில்லை. நானும் தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான், "வீடு கட்டிக் குடுத்ததுக்கு மந்திரி ஐயாவுக்கு ரொம்ப நன்றிங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். உடனே பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

உங்களை மண்ணுக்குள் வைத்து மூன்று மாதம் ஆகிறது. என் கையிலிருந்த பை கீழே விழுந்துவிட்டது. நானா தராசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ஒங்க மதினி கொரல் இல்லையா?"

"ஆமா நானா."

"அவங்க மௌத்தாகிட்டாங்கன்னு சொன்னீங்களே."

"இது போன எலக்ஷனுக்குப் புடிச்சது நானா."

"போன எலக்ஷன்ல மந்திரி வேற ஆளுல்ல" என்றார். கொஞ்சம் யோசித்து, "எந்த மந்திரி வந்தாலும் அதே நன்றியப் போட்டுக்குறாங்க. சிக்கனம்தான்" என்று சொல்லி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். எனக்காகத்தான் குறைத்தார் என்று தெரிந்தது.

அன்றைக்கு நீங்கள் யார் பெயரையும் சொல்லவில்லை. மந்திரி ஐயா என்று மட்டும்தான் சொன்னீர்கள். அது அவர்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று, பாருங்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அன்று நடந்ததை என்னைவிடப் பக்கத்தில் நின்று பார்த்தவர் இல்லை. மலையிலிருந்து தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு இறங்கிக்கொண்டிருந்தோம். ரோட்டில் ரேடியோ வேன் நின்றது. தோட்டத்து மக்கள் பேசுகிற நிகழ்ச்சி என்று சொல்லி ஒரு பெண் மைக்கை நீட்டினாள். எல்லோரும் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். நம் லயத்து வரிசை வீடுகளில் வாயுள்ளவர் நீங்கள்தானே. போட்டோ பிடிக்கப்போகிற மாதிரி தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு பேசினீர்கள்.

"வீடு கட்டிக் குடுத்ததுக்கு மந்திரி ஐயாவுக்கு ரொம்ப நன்றிங்க. ஆனா ரிப்பன் வெட்டிட்டுப் போனவங்க சாவிய இன்னும் குடுக்கலைங்க. லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. மழ பேஞ்சா புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு கோயில்லதான் போய்ப் படுக்குறோம். பூட்டுன வீட்டப் பாத்துக்கிட்டே படுக்குறோங்க."

மைக் பிடித்த பெண், "நல்லாப் பேசினீங்கம்மா" என்று உங்கள் கையைத் தொட்டாள். வரும் வழியில் நான் கேட்டேன், "எதுக்கு மதினி மொதல்ல நன்றி சொன்னீங்க? பூட்டி வச்ச வீட்டுக்கு என்னா நன்றி?"

"வெறும் வாயோட போயி கேக்க முடியுமா புள்ள? தோட்டத்துத் தொரகிட்ட லீவு கேக்கப் போனாலும் நல்லா இருங்கன்னு சொல்லிட்டுத்தான கேக்குறோம்."

சரிதான். எங்கள் அம்மாவும் அப்படித்தான் கேட்டாள். கும்பிட்டுவிட்டுக் கேட்பதுதான் நமக்குப் பழக்கம். அந்தக் கும்பிடை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

ஒலிபரப்பான அன்று அண்ணன் ரேடியோவை வாசலில் வைத்தார். லயமே கூடியது. உங்கள் குரல் வந்தது, நன்றி வந்தது, பாட்டு வந்தது. மீதிக்காக எல்லோரும் காத்திருந்தோம். பாட்டு முடிந்து செய்தியே தொடங்கிவிட்டது. கடைசிக் காம்பராவில் குடியிருக்கும் ராசம்மாதான் எழுந்து சேலையை உதறினாள்.

"அப்ப ஒனக்கு மட்டும் சாவி குடுத்துட்டாங்களா?"

நம் ஆட்கள் ரேடியோவை நம்புகிறவர்கள் இல்லை. வேலைநிறுத்தம் முடிந்தது என்று செய்தியில் சொன்னால், இன்னும் நடக்கிறது என்று புரிந்துகொள்வார்கள். சாமான் விலை குறைகிறது என்றால் அன்றைக்கே கடைக்கு ஓடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் உங்களைச் சந்தேகப்பட்டார்கள். செய்தி வாசிக்கிறவர் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். சொன்னது உங்கள் குரல். அதற்கு என்ன செய்வது?

வேன் வந்தபோது பின்னால் நின்றவர்கள்கூட, தங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றார்கள். நான் வீடு வீடாகப் போய் நீங்கள் சொன்னதை முழுசாகச் சொன்னேன். "நீ ஒங்க மதினிய விட்டுக் குடுப்பியா?" என்று ராசம்மா கேட்டாள். உறவுக்காரி சாட்சி செல்லாது போல. காலையில் மலைக்குப் போகும்போது உங்களைக் கூப்பிட ஆள் நின்றுபோயிற்று. குழாயடியில் நீங்கள் வந்தால் பேச்சு அடங்கும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்கைத் தூக்கிவிட ஒரு கை வராது. நான் எட்டத்தில் வேலை பார்த்தால், நீங்களே முட்டியைக் கொடுத்துத் தூக்குவீர்கள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பீர்கள். உங்களோடு சண்டை போடவும் ஆள் இல்லாமல் போயிற்று.

அண்ணன் வேன்காரர்களுக்குப் போன் போடச் சொன்னார். போட்டோம். நேரம் போதாததால் சுருக்கினோம் என்றார்கள்.

பிறகு அந்த மழை வந்தது. பின்பக்கம் மண் சரிந்து கக்கூஸ் சுவரைத் தள்ளியது. பொழுது சாயும் முன்பே எல்லோரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினோம். நீங்களும் அரிசிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நனைந்து வந்தீர்கள். புது வீடுகள் எதிரே வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. ராசம்மா உங்களைப் பார்த்தாள், அந்த வீடுகளைப் பார்த்தாள், மறுபடியும் உங்களைப் பார்த்தாள். தன் பாயைக் கொஞ்சம் இழுத்து இடம் விட்டாள். நீங்களும் உட்கார்ந்தீர்கள். எனக்குத்தான் ஆறவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அவள்.

அதிலிருந்து நீங்கள் மாறிப்போனீர்கள். ஆபீசுக்குப் போனால் வாசலிலேயே, "சாவி எங்க?" என்றுதான் தொடங்குவீர்கள். கோயிலிலும் அப்படித்தான். "ஆத்தா, மொதல்ல சாவி. கும்புடுறது அப்பறம்." பூசாரியே சிரித்துவிட்டார்.

சாவி வருவதற்குள் உங்களுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது.

கடையில் கேட்டதை அண்ணனிடம் சொல்லக்கூடாது என்றுதான் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் கோபம் தாங்காமல் சொல்லிவிட்டேன். அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்னா நேரத்துல போட்டாங்க?"

"பத்து மணிச் செய்திக்கு முன்னால. அதக் கேக்காதீங்கண்ணே. அது மதினிய அவமானப்படுத்துனது."

"கொரல் அவளுதுதான?"

"கொரல் அவங்களுதுதான்."

"அப்பப் போதும்."

எனக்குக் கோபம் வந்தது. அவரிடம் உங்கள் போட்டோ இருக்கிறது. கல்யாண வீடியோவில் நீங்கள் நடக்கிறீர்கள், சிரிக்கிறீர்கள், வாயசைக்கிறீர்கள். ஆனால் வீடியோக்காரன் முழுவதும் சினிமாப் பாட்டைப் போட்டு வைத்திருக்கிறான். யோசித்துப் பார்த்தால், உங்கள் குரல் இந்த உலகத்தில் அந்த ஒரு வரியில்தான் மிச்சம் இருக்கிறது. உங்களைத் தலைகுனிய வைத்த அதே வரி. அவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. காலையிலேயே ரேடியோவைத் துடைத்து வாசலில் வைத்தார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் வந்து நின்றார்கள். ராசம்மாவும் வந்தாள். அவள் வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது ஒரு சொல் தப்பாகச் சொன்னால் சும்மா விடக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மந்திரி போன இடம், வந்த இடம், திறந்து வைத்த இடம் எல்லாம் சொன்னார்கள். போடமாட்டார்கள் என்று நினைத்தபோது போட்டார்கள்.

"வீடு கட்டிக் குடுத்ததுக்கு மந்திரி ஐயாவுக்கு ரொம்ப நன்றிங்க."

அண்ணன் தலை குனிந்துகொண்டார். பாட்டு தொடங்கியது. ராசம்மா குனிந்து ரேடியோவை அணைத்தாள்.

"ஆனா ரிப்பன் வெட்டிட்டுப் போனவங்க சாவிய இன்னும் குடுக்கலைங்க" என்றாள். யாரையும் பார்க்காமல், மண் வெடித்தது, கோயில், பூட்டின வீடு என்று நான் அன்று அவள் வாசலில் நின்று சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். இத்தனை நாளும் அதை வைத்திருந்திருக்கிறாள்.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ இன்னும் கொஞ்சம் வேகமாச் சொல்லுவா" என்றார்.

ஆமாம் மதினி. 'சாவி' என்ற இடத்தில் உங்கள் குரல் ஏறும். 'புள்ளைங்க' என்றதும் மூச்சு வாங்கும். சாக்கு முதுகில் இருந்ததே, அதனால். கடைசியில் அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்து, மெதுவாக, அவளுக்கு மட்டும் சொல்கிற மாதிரி முடித்தீர்கள். அந்த மூச்சு எந்த ரேடியோவிலும் வரப்போவதில்லை. எனக்குக் கேட்கிறது. மலையில் ஏறும்போது, குழாயடியில் நிற்கும்போது, எல்லாம் கேட்கிறது.