சாவிப்பெட்டித் திட்டத்தின் மீதான தடையை நீக்கக் கோரி

அனுப்புநர்:
ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி உரிமையாளர்,
பாலத்தடிச் சாலை.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
சாலைப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைக் குறைத்த எங்கள் பகுதித் திட்டம், தவறான அளவீட்டின் பேரில் நிறுத்தப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சாலையிலுள்ள மதுக்கூடத்தின் வாசலில், மாலையானால் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தவன் என் தம்பி. குடிக்க வருபவர்கள் வண்டிச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள். திரும்பும்போது எங்கள் பள்ளி ஓட்டுநர்கள், குடித்தவரின் வண்டியிலேயே அவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். தம்பி தன் வலக்காலை இழந்தது குடித்துவிட்டு ஓட்டித்தான். யாராவது "இதோ இருக்கு வீடு, நானே போயிடுவேண்ணே" என்று சாவிக்குக் கை நீட்டினால், "எனக்கும் வீடு பக்கத்துலதான் இருந்துச்சு" என்பான். நீட்டிய கை மடங்கிவிடும்.

2. "என் பொழைப்புல மண்ணைப் போடுறியேம்மா" என்று முதலில் என்னிடம் சண்டைக்கு வந்த மதுக்கூட உரிமையாளரே, பின்னர் அந்தப் பெட்டிக்குப் பூட்டு வாங்கித் தந்தார்.

3. இந்நிலையில், திட்டம் வந்த பிறகு குடித்து ஓட்டிய வழக்குகள் இரட்டிப்பாகிவிட்டன என்று கூறித் தங்கள் அலுவலகம் அதை நிறுத்தியது. தம்பி பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அதே வாரம், வழக்கமாகச் சாவி கொடுக்கும் தச்சர் ஒருவர் தாமே ஓட்டிப்போய்ப் பாலத்துச் சுவரில் மோதிக் கையை முறித்துக்கொண்டார். ஒரு விபத்தை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்பதை அறிவேன். மறு அளவீடு கேட்டுத் தங்கள் அலுவலகப் படியேறியதும் அதனால்தான்.

4. தங்கள் புள்ளியியல் அலுவலர் அம்மையார் முகம் சுளிக்காமல் வந்தார். திட்டம் தொடங்கிய சமயத்தில்தான் எங்கள் ஊர் ஆற்றின் இரு கரையிலும் காவலர்கள் வாகனச் சோதனையைப் பல மடங்கு கூட்டியிருந்தார்கள் என்பதை அவரே கண்டுபிடித்தார். வலை பெரிதானால் மீனும் கூடுதலாகத்தானே விழும்? எனவே வழக்குகளை விட்டுவிட்டு, திட்டத்துக்கு முன்பும் திட்டம் நடந்தபோதும் சோதித்த வண்டிகளில் குடித்தவர்களின் பங்கையும், மருத்துவமனைக்கு வந்த விபத்துகளையும் பார்த்தார். திட்டமே இல்லாத எதிர்க்கரையையும் அதே முறையில் அளந்தார்.

5. சென்ற வாரம் எங்கள் வகுப்பறையில் முடிவை வாசித்தார். எங்கள் கரையில் குடித்து ஓட்டுவோர் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது, விபத்துகளும் குறைந்திருக்கின்றன. எதிர்க்கரையில் இரண்டும் அப்படியே இருக்கின்றன. கேட்டதும் தம்பி ஊன்றுகோலைத் தரையில் தட்டத் தொடங்கினான்; கட்டுப்போட்ட கையோடு வந்திருந்த தச்சர் பெஞ்சைத் தட்டினார். அந்த ஆரவாரத்தில் என் அழுகை எவர் காதிலும் விழவில்லை.

6. ஆயினும் ஐயா, தடை ஆணை இன்னும் நீங்கவில்லை. அதை உடனே நீக்குமாறும், எதிர்க்கரையிலும் திட்டத்தைத் தொடங்க அனுமதிக்குமாறும் வேண்டுகிறேன். அங்கே முதல் சாவியை வாங்கும் முன்பே அளவெடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒருவேளை பலன் கிட்டாவிட்டால், அதையும் ஒளிக்காமல் வெளியிடுங்கள்; நாங்கள் வேறு வழி பார்ப்போம்.

எதிர்க்கரை மதுக்கூடக்காரர்கள் "எங்க வாசலுக்கு எப்ப வரீங்க?" என்று இப்போதே ஆளனுப்பிக் கேட்கிறார்கள். தங்கள் ஆணை வரும்வரை தம்பியை வீட்டில் பிடித்து வைப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது. விரைந்து ஆவன செய்யுங்கள், ஐயா.

இடம்: பாலத்தடிச் சாலை
நாள்: திங்கட்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி உரிமையாளர்