பிரிக்காமல் அனுப்பிய முன்சக்கரம்

மார்ச் 2

பட்டறை ஆளும் என் அருமைத் தங்கையே! இரும்போடு பொருதும் இளையவளே! கேள், உன்மீது எனக்கொரு குற்றச்சாட்டு உண்டு. தொழிற்சங்கத்து வண்டியோட்டி இரு சக்கரங்களையும் பிரேக் பாகங்களையும் உன் வாசலில் இறக்கிவைத்து இருபது நாள் ஆயிற்று. "வந்து சேர்ந்தது" என்று ஒரு சொல் எழுத உனக்கு நேரம் கிடைக்கவில்லையா?

அவை உன் கணவர், நம் மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளுக்கு உரியவை. விபத்து நடந்த நாளிலிருந்து பத்தொன்பது ஆண்டுகளாகச் சங்கக் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்த வண்டி அது. அதன் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றுதான் ஆலை வாயில்தோறும் நான் முழங்கினேன். சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் அதைப் புதுப்பித்து நிறுத்தத் தோழர்கள் விரும்புகின்றனர். என்ஜினை வேறொருவர் பார்க்கிறார். சக்கரங்களை உன் கையன்றிப் பிறர் கை தொடலாகாது.

எனக்குக் குரல் போய்விட்டது, அம்மா. பேசாதீர்கள் என்கிறார் மருத்துவர். பேசாமல் இருப்பதும் களைப்பாகத்தான் இருக்கிறது.

உன் அண்ணன்

மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

சாமான்கள் வந்தன. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இருவர் வேலையை ஒருத்தி செய்கிறேன். மாலையானால் கை தோளுக்கு மேல் எழுவதில்லை.

ரிம் இரண்டும் தேறும். மணல் பீய்ச்சித் துருவை எடுத்தாயிற்று. பின் ரிம்மில் ஊசிமுனைக் குழிகள் சில உள்ளன. முலாம் பூசினால் மறையும். கம்பிகள் எழுபத்திரண்டில் பதினொன்றை மாற்ற வேண்டும். பின் டிரம்முக்கு வெளிப்புறம் கறுப்பு அடித்துவிட்டேன். உட்புறம் பிரேக் கட்டை உரசும் இடம்; வண்ணம் படாமல் காகிதம் ஒட்டிக் காத்தேன்.

உங்கள் மாப்பிள்ளை மடங்காத காலை நீட்டிக்கொண்டு வாசல் நாற்காலியில்தான் இருக்கிறார். "உங்க அண்ணன் மைக்க விட்டுட்டாரா? மைக்கு பாவம், இப்பதான் மூச்சு விட்டிருக்கும்" என்று சிரித்தார். முன்சக்கரத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அத உள்ள கொண்டு போயிடு. கட்டை தேஞ்சது தெரிஞ்சும் மாத்தாம ஓட்டினவன் நான். சக்கரம் இறுகித் தூக்கி எறியாம என்ன செய்யும்?" என்றார். தம் பிரேக்கையே கவனிக்காத கை பிறர் வண்டியைத் தொடக்கூடாது என்று அன்று ஸ்பேனரைக் கீழே வைத்தவர், இன்னும் எடுக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். எல்லாவற்றையும் பிரித்து அனுப்பிய நீங்கள், முன் பிரேக்கை மட்டும் ஏன் பிரிக்காமல் அனுப்பினீர்கள்?

உங்கள் தங்கை

மார்ச் 10

தங்கைக்கு,

நீயே பிரி. மாப்பிள்ளை அருகில் இல்லாத வேளையில் பிரி.

அண்ணன்

மார்ச் 13

அண்ணனுக்கு,

நீங்கள் இவ்வளவு சுருக்கமாக எழுதி நான் கண்டதில்லை. அதனாலேயே கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன்.

கட்டைக்கும் டிரம்முக்கும் நடுவே நசுங்கிய தகடு ஒன்று மாட்டிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தேன். சிவப்பு விளிம்பு தெரிந்தது. சங்கச் செயலாளர் சட்டையில் குத்தும் சின்னம். ஊசியைப் பிடுங்கிவிட்டு இரண்டாக மடித்திருக்கிறார்கள். அன்று செயலாளர் யார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

தேய்ந்த கட்டைக்கு அடியில் தகடு செருகினால் பிரேக் கொஞ்சம் பிடிக்கும். நழுவினால் சக்கரம் இறுகிவிடும். தொழில் தெரிந்தவர் எவரும் இதைச் செய்யமாட்டார். அவர் செய்திருக்கவே மாட்டார்.

யார் வைத்தது, அண்ணா?

மார்ச் 17

தங்கையே,

நான்தான் வைத்தேன்.

விபத்துக்கு முந்தைய நாள் அவரிடம் வண்டியை இரவல் கேட்டேன். "கட்டை தேஞ்சிருக்கு மச்சான், மெதுவா போங்க. நாளைக்குப் புதுசு வாங்கி மாத்திடறேன்" என்று சொல்லித்தான் தந்தார். பாதி வழியில் முன் பிரேக் அறவே பிடிக்கவில்லை. ஆலை வாயிலில் மூவாயிரம் பேர் காத்திருந்தனர். அவர் வேலை செய்வதைப் பார்த்துக் கற்ற அரைகுறை அறிவோடு சாலையோரத்தில் சக்கரத்தைக் கழற்றினேன். கைக்கு அகப்பட்ட தகடு என் நெஞ்சில் இருந்தது. செருகினேன், பிடித்தது. அன்று கைதட்டல் ஓயவில்லை. அந்த மயக்கத்தில் திரும்பி வந்து சாவியை மட்டும் கொடுத்தேன். சின்னத்தைச் சொல்ல மறந்தேன். மறுநாள் காலை, புதுக் கட்டை வாங்கத்தான் அவர் வண்டியை எடுத்தார்.

மருத்துவமனையில் "என் தப்புதான் மச்சான்" என்றார். நான் வாய் திறக்கவில்லை. வேலைநிறுத்தம் நடக்கிறது, என் பெயர் கெட்டால் போராட்டம் குலையும் என்று எனக்கு நானே மேடை போட்டுப் பேசிக்கொண்டேன். வேலைநிறுத்தம் நாற்பது நாளில் முடிந்தது. என் மௌனத்தை நான் முடிக்கவில்லை. யாரும் பிரித்துவிடக் கூடாதென்று வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்ததும் நானே.

சொல்ல வாய் வராமல்தான் சக்கரத்தை அனுப்பினேன். களைத்துவிட்டேன், அம்மா. அவரிடம் நீயே சொல்லிவிடு.

அண்ணன்

மார்ச் 20

அண்ணனுக்கு,

சொல்லமாட்டேன்.

சக்கரங்கள் ஆயத்தம். கம்பிகளை முறுக்கி ஓட்டம் பார்த்துவிட்டேன்; கோணல் இல்லை. முன் டிரம்மின் உட்புறத்தில் உங்கள் சின்னம் கீறிய தடம் இருக்கிறது. கடைசலில் கொடுத்துச் சீவினால் மறைந்துவிடும். நான் கொடுக்கவில்லை.

நேற்று அவர் கேட்டார்: "முன் பிரேக்குக்குள்ள என்னதான் இருந்துச்சு?"

"துரு" என்றேன்.

"அவ்வளவுதானா?" என்று என் முகத்தையே பார்த்தார். பத்தொன்பது ஆண்டுகளாக ஒருத்தியாய்ப் பட்டறையைச் சுமந்தேன். அவரிடம் பொய்யைச் சுமந்ததில்லை. உங்களுக்காக ஒன்று சொல்லிவிட்டேன். இரண்டாவதைச் சொல்ல என்னிடம் தெம்பில்லை.

குரல் இல்லை என்று மறுகடிதம் எழுதாதீர்கள். மூவாயிரம் பேருக்குக் கேட்க வேண்டாம். ஒரு நாற்காலிக்குக் கேட்டால் போதும். விழாவுக்கு அவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தி ஈடுசெய்யலாம் என்றும் எண்ணாதீர்கள்.

இக்கடிதம் கைக்கு வந்ததும் பேருந்து ஏறுங்கள். சட்டைகூட மாற்ற வேண்டாம். சின்னத்தைக் கழுவி வைத்திருக்கிறேன். அதை வாங்கி உங்கள் கையாலேயே அவர் உள்ளங்கையில் வையுங்கள். அவர் வாசலில்தான் இருக்கிறார். இன்றே வாருங்கள். வந்து சொல்லுங்கள்.