மடியைத் தடவிப் பார்க்கிறவர்கள்

10-1-1965, ஞாயிறு

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய் இன்னும் மூன்று வாரம் ஆகவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது; நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்லக்கனி எழுதுகிறாள். வேதத்தில் காதால் கேட்டது அத்தனையும் நெஞ்சில் நிற்கும். அதனால்தான் ஏழாயிரம்பண்ணைச் சபையில் என்னை மூப்பராக வைத்தார்கள். இன்று ஆராதனையில் நீண்ட ஜெபம் என்னுடையது. புயலில் போனவர்களுக்காக ஜெபித்தேன். சபையே அழுதது.

செல்லக்கனி பென்சிலை நிறுத்திவிட்டாள்.

"மாமா, அதுக்குப் பெறகு சொன்னதையும் எழுதணும்லா?"

"எதை?"

"'புருசனை விட்டு ஓடியாற பொண்ணுகளுக்குப் புத்தி கொடும் ஆண்டவரே'ன்னீகளே. வெள்ளைத்தாய் எந்திரிச்சுப் போயிட்டா."

எழுது என்றேன். ஆண்டவரிடம் சொன்னதில் என்ன தப்பு?

12-1-1965

வெள்ளைத்தாயின் தாய் பேச்சியம்மாள் நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். இன்று கம்பெனி வாசலில் எல்லோர் முன்பும் மறித்தாள்.

"அண்ணாச்சி, கண்ண மூடிக்கிட்டு ஆண்டவர்ட்டயா பேசினீக? எம் மவளைல்லா ஏசினீக. ஜெபத்துக்கு நடுவுல யாரும் பதில் சொல்ல முடியாதுங்கிற தைரியம்."

"மூப்பரை எதுத்துப் பேசுதியோ?"

"அவ முதுகுல புருசன் சூடு போட்ட தழும்பு கெடக்கு. பாத்துட்டுப் பேசுங்க. இனிமே கோயிலுக்கே வரமாட்டாளாம். ஆண்டவரும் மூப்பரு பக்கந்தான்னு நெனச்சுட்டா."

போ போ என்று விரட்டினேன். இருபது வருசமா ஜெபம் பண்ணுதவன் நான். என்னைய ஒரு பொம்பள — வாசல்ல வச்சு —

13-1-1965

சோறு இறங்கவில்லை. அவள் மேல் உள்ள கோபம்தான் என்று நினைக்கிறேன். கோபம்தானா?

18-1-1965

பொங்கல் கழிந்து வேலை தொடங்கியது. மருந்து கலக்கும் அறைக்குள் நுழையும் முன் ஒவ்வொருவர் மடியையும் காவல்காரர் தங்கச்சாமி தடவிப் பார்ப்பார். தீப்பெட்டி, பீடி, இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. இன்று என் மடியில் தீப்பெட்டி. காலையில் வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து செருகியிருக்கிறேன்.

"மூப்பரே, எல்லாரையும் ஒரேயடியா பரலோகத்துக்குக் கூட்டிட்டுப் போகப் பாத்தீகளோ?" என்றார்.

ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து, "நல்லா இருப்பீரு" என்று அவர் கையைப் பிடித்தேன். பிடித்த கையை விட முடியவில்லை.

உள்ளே பதினோரு பேர். என் மடியில் கிடந்தது எனக்குத் தெரியவில்லை. இவர் விரலுக்குத் தெரிந்தது. இவருக்கு நன்றி சொன்ன வாய் பேச்சியம்மாளை விரட்டியதே? அவளும் தடவித்தானே பார்த்தாள்?

என்னைச் சோதித்துப் பாரும் என்று ஆண்டவரிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன். அவர் அனுப்பிய கை, திரி பின்னிக் கறுத்த கையாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. உடம்பு சிலிர்த்துப்போய் நின்றேன். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர், ஒரு கிழவன் மடியைத் தடவுவதற்கும் ஆள் வைத்திருக்கிறாரே.

19-1-1965

பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். வாங்க என்று யாரும் சொல்லவில்லை. வெள்ளைத்தாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"தாயி, நான் சொன்னது பாவம்" என்றேன்.

திரும்பாமலே சொன்னாள்: "ஏசினது சபையில. மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ளயா?"

நியாயம். சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தும் இந்தத் தடவை கோபம் வரவில்லை. எனக்கே ஆச்சரியம்.

24-1-1965, ஞாயிறு

கண்ணைத் திறந்துகொண்டு சபை முன் நின்றேன். ஜெபத்துக்குள் ஒளிந்துகொண்டு ஒரு பெண்ணை ஏசினேன், அவளுக்கு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். வெள்ளைத்தாய் வரவில்லை.

வெளியே வந்ததும் பேச்சியம்மாள், "இன்னைக்குத்தான் சுருக்கா முடிச்சிருக்கீக" என்றாள்.

7-2-1965

வந்தாள். கடைசி வரிசை. பாட்டில் அவள் குரலைத் தனியாகக் கேட்டேன்.

16-3-1969, ஞாயிறு

நேற்றுத் தங்கச்சாமியை அடக்கம் செய்தோம். இன்று ஆராதனை முடிந்ததும், வழக்கம்போல நானே அந்தச் சரவெடிக்காரியிடம் போய்க் கேட்டேன்.

"இன்னைக்கு ஜெபத்துல என்ன கோளாறு?"

"ரெண்டு எடத்துல பெருமை அடிச்சீக. மத்தபடி கேக்கலாம்."

என் வயதுக்காரர்களில், உம்ம பேரில் தப்பு என்று என் முகத்துக்கு நேரே சொல்ல இன்னும் ஒரே ஒரு ஆள் உயிரோடு இருக்கிறது. எனக்கு முந்தி அவளை எடுத்துக்கொள்ளாதேயும் ஆண்டவரே என்று கேட்டிருக்கிறேன். பெயரையும் எழுதிவிடு செல்லக்கனி: பேச்சியம்மாள்.