இடக்கை முடிச்சு

14 ஓகஸ்ட், செவ்வாய்

சிலாபத்துக் கண்காட்சியில் என் மீன்வலைப் படத்தின் கீழே, சித்திரம் படிப்பிக்கிற சேரின் பெயர் இருந்தது. "நாலு பேருக்குக் காட்டிப்போட்டுத் தாறன்" என்று போன மாதம் எங்கள் ஊர் உடப்புக்கு வந்து வாங்கிப் போனவர். கடலுக்குப் போவதை விட்ட பிறகு, படகுக்குப் பூசி மிஞ்சிய பெயின்றில் நான் கீறிய முதல் படம் அது.

"இது நான் கீறினது" என்றேன். சேர் சிரித்தார். பார்க்க வந்த ஒரு அம்மா, என்னோடு வந்திருந்த அண்ணனிடம், "உங்கட தம்பி சொல்லுறது மெய்யோ?" என்று கேட்டார்.

"இல்லை. சேர் கீறினதுதான்" என்றார் அண்ணன்.

நான் இடக்கைக்காரன். நான் வலையில் போடும் முடிச்சு மற்றப் பக்கம் சாயும். படத்திலும் அப்படித்தான் கீறியிருந்தேன். சேருக்கு அது தெரியாது. என்னோடு இருபது வருஷம் கிழிந்த வலை பொத்திய அண்ணனுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் என் முடிச்சைச் சொல்லிவிடுவார்.

பஸ்ஸில் ஏன் என்று கேட்டேன்.

"உனக்குப் பேர் வந்தா, நீ திரும்பி வரமாட்டாய். பிறகு என்னோட ஆர் கடலுக்கு வாறது?"

வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் கிழிந்த வலையை விரித்தார். வழக்கம்போல இடப்பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் போகவில்லை. இதை எழுதும்போதும் அவர் அந்த இடத்துக்கு நகர்ந்து உட்காரவில்லை.